மயிலாப்பூர்ப் பல்லும் ராயப்பேட்டைப் பல்லும்

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களில் யாராவது சொந்தமாக ஒரு சித்தாந்தம் கண்டுபிடித்ததுண்டா? நான் கண்டுபிடித்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ராயப்பேட்டையும் மயிலாப்பூரும் தொட்டுக்கொள்கிற இடத்தில் ஒரு மாடி அறையில் பல் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தபோது அது எனக்கு உதயமாயிற்று. செல்லப்பிள்ளையாக வளர்த்தேன். கடைசியில் ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு முன்னால், ஒரு முறுக்கு அதன் கதையை முடித்துவிட்டது.

வேர்ச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன நோயாளி மறுநாள் வலிக்கிறது என்று வந்து நின்றால் என்ன செய்வது என்று போன மாதம் உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். கிழத்துக்கு மரியாதை தெரியவில்லை என்று அவர் மனத்தாங்கலோடு போனதாகக் கேள்விப்பட்டேன். அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. டை என்கிற கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போன ஒரு சிந்தாதிரிப்பேட்டை இளைஞனை நினைத்துச் சிரித்தேன். அந்த இளைஞன் நான்தான்.

அப்போது பல் வைத்தியன் என்றால் ஜனங்களுக்குக் குறடுதான் ஞாபகம் வரும். மூட்டுவலியா, பல்லைப் பிடுங்கு. வயிற்றெரிச்சலா, பல்லைப் பிடுங்கு என்று பெரிய பெரிய டாக்டர்களே சீட்டு எழுதி அனுப்பிய காலம். நானோ கல்கத்தாவில் படித்துவிட்டு வந்தவன். பிடுங்க மாட்டேன், காப்பாற்றுவேன் என்று கிளம்பியிருந்தேன். பல்லைத் திறந்து, வேருக்குள் அழுகிப்போனதைச் சுரண்டி எடுத்து, குளோரின் கரைசல் ஒன்றால் உள்ளே கழுவுவேன். அந்தக் கரைசல் இப்போது உங்களுக்குச் சதவிகிதம் அச்சடித்த புட்டியில் வருகிறது. எங்களுக்கு அப்படி வரவில்லை. பிளீச்சிங் பவுடரையும் சலவைச் சோடாவையும் தண்ணீரில் கலந்து, தெளியவிட்டு, வடிகட்டி நாங்களே தயாரித்துக்கொள்வோம். முதல் உலகச் சண்டையில் சிப்பாய்களின் காயத்தை ஒரு கரைசலால் கழுவினார்களே, அது இதன் சாதுவான தம்பி. நான் தயாரித்தது முரட்டு அண்ணன். பலமாக இருந்தால்தான் கிருமி சாகும் என்பது என் கட்சி. பலம் எவ்வளவு என்று அளந்து பார்த்தேனா என்றால், மூக்கில் ஏறினால் சரி என்று விட்டுவிடுவேன்.

திங்கட்கிழமை காலையில் அந்த வாரத்துக்கு வேண்டியதைக் கலந்து வைப்பேன். வைக்கிற பாத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராயப்பேட்டையில் கரீம் பாய் என்று ஏலம் விடுகிறவர் ஒருவர் இருந்தார். ஊருக்குத் திரும்புகிற வெள்ளைக்காரர்களின் வீட்டுச் சாமான்களையெல்லாம் அவர்தான் கூவி விற்பார். அப்படி ஓர் ஏலத்தில் எவனோ ஒரு துரை விஸ்கி ஊற்றி வைத்திருந்த கண்ணாடி ஜாடி ஒன்றை நான் எடுத்தேன். பட்டை பட்டையாக வெட்டிய கண்ணாடி, மேலே ஒரு குமிழ் மூடி. அதில் கரைசலை ஊற்றி, தெருவைப் பார்த்த ஜன்னலில் வைத்தேன். வெயில் பட்டால் அது வைரமாய் ஜொலிக்கும். கீழே டிராமில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்கு வேறென்ன வேண்டும்?

இந்தக் கரைசலுக்கு வெயில் ஆகாது என்று நான் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் ஜாடி அவ்வளவு அழகு.

இனி சித்தாந்தத்துக்கு வருகிறேன். மயிலாப்பூரிலிருந்து வருகிறவர்கள் பஞ்சாங்கம் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார்கள். செவ்வாயும் சனியும் ஆகாது. வெள்ளிக்கிழமை பல்லில் கை வைக்கக் கூடாது. வியாழக்கிழமை ஏதாவது விரதம் வந்து நிற்கும். ஆக அவர்கள் வருவது திங்களும் புதனும்தான். ராயப்பேட்டைப் பாய்மார்கள் வெள்ளிக்கிழமை கடையை மூடி, தொழுகை முடித்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக வருவார்கள். விட்டால் சனிக்கிழமை. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நாற்காலி, ஒரே ஊசி, ஒரே கை. ஆனால் மயிலாப்பூர்க்காரர்கள் மறுநாளே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆள் அனுப்புவார்கள். ராயப்பேட்டைக்காரர்கள் சிகிச்சை முடிந்த கையோடு தெருமுனையில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டு போவார்கள்.

ஒரு புத்திசாலி இதைப் பார்த்தால் என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்தது, மயிலாப்பூர் நரம்பு இளசு, ராயப்பேட்டை நரம்பு முற்றியது. தலைமுறை தலைமுறையாகத் தயிர்சாதம் தின்ற வாய்க்கு வலி தாங்காது. எலும்பைக் கடித்த வாய்க்குத் தாங்கும். நான் சிந்தாதிரிப்பேட்டைக்காரன், இரண்டு பக்கமும் சேராதவன், ஆகவே என் தீர்ப்பு நடுநிலையானது என்று வேறு எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

இந்தச் சித்தாந்தம் என் தலைக்குள்ளேயே இருந்திருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான் அதை ஜானகி டீச்சரின் பல்லில் பிரயோகம் செய்தேன்.

ஜானகி டீச்சர் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவர். கல்யாணமான பெண் வேலைக்குப் போவது அன்றைக்கு மயிலாப்பூரிலேயே ஊர் வாய்க்கு அவலாக இருந்தது. மேல்வரிசை முன்பல் ஒன்றுக்குச் சிகிச்சை. திங்கட்கிழமைகளில் கணவரோடு வருவார், நாற்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு தடவை கழுவி அனுப்பிய பிறகும் அவருக்கு வலி பிடித்துக்கொள்ளும். மூன்றாவது தடவை வந்தபோது அவரே ஆரம்பித்தார்.

"டாக்டர், லேசான வலின்னா நான் சொல்லவே மாட்டேன். ராத்திரி பூரா கன்னத்தைப் பிடிச்சுண்டு உக்காந்திருந்தேன். சாதத்தைக் கரைச்சுக் குடிச்சுண்டிருக்கேன்."

நான் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தேன். வேர் சுத்தமாக இருந்தது. தட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

"பல்லில் ஒரு குறையும் இல்லையேம்மா."

"அப்போ வலி எங்கேருந்து வரது?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கழுத்துப் பட்டை இடம் கொடுக்கவில்லை. அவரை விட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினேன். அவர் ஏதோ ஓர் ஆபீஸில் சூப்பிரண்டு, நல்ல மனிதர், சொன்னதை நம்புகிறவர்.

"சார், பல் நல்லா இருக்கு. இவங்களுக்கு நரம்பு கொஞ்சம் பலவீனம். வலியை ரொம்பப் பெரிசா எடுத்துக்கிறாங்க. மனசைத் திடமா வெச்சுக்கச் சொல்லுங்க."

"நானும் அதைத்தான் சார் சொல்லிண்டிருக்கேன்" என்றார் அவர், பரீட்சையில் பாஸான சந்தோஷத்தோடு.

டீச்சர் எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். நான் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

நடுவில் கரீம் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கும் கீழ்வரிசைக் கடைவாயில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வருவார். கழுவி முடித்து, வலிக்கிறதா பாய் என்று கேட்டால், "வலியா? அது இன்னா கலர்ல கீது டாக்டர் சாப்?" என்பார். எனக்கு அப்படியே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். ராயப்பேட்டைப் பல்லுக்கு அவரைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

மாதம் ஒருமுறை பல் வைத்தியர்களும் சில பெரிய டாக்டர்களும் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடிப் பேசுவது வழக்கம். அந்த மாதம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் முறை. தலைப்பு, 'உணவுப் பழக்கமும் பல் நரம்பின் சகிப்பும்'. வெறும் பேச்சு போதாது என்று தோன்றியது. கரீம் பாய்க்குக் காலையில் வேர் கழுவி, சாயங்காலம் மேடையில் நிறுத்தி, எல்லோரும் பார்க்க அதே பக்கத்துக் கடைவாயில் ஒரு முறுக்கைக் கடிக்கச் சொல்வதாகத் திட்டம். பாயிடம் சொன்னதும் உற்சாகமாகிவிட்டார்.

"முறுக்கு இன்னா நைனா, கொட்டப்பாக்கே கொண்டா, கட்ச்சிக் காட்றேன்!"

அந்தத் திங்கட்கிழமை கரைசலைக் கலக்கும்போது, விசேஷ நாளாயிற்றே என்று பிளீச்சிங் பவுடரைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டேன். கலந்து முடித்து ஜாடியை ஜன்னலில் வைத்துக்கொண்டிருந்தபோது ஜானகி டீச்சர் தனியாக மாடியேறி வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் டாக்டர். நீங்க சிரமப்பட வேண்டாம். புதன்கிழமை காலம்பற தியாகராய நகர்ல ஒருத்தர்கிட்ட இந்தப் பல்லை எடுத்துக்கப் போறேன்."

"ஏம்மா? நல்ல பல். முன்பல் வேற!"

"நரம்பு பலவீனம்னு நீங்க சொன்னேளோல்லியோ, அதை ஆத்துல எல்லாரும் பிடிச்சுண்டுட்டா. வேலைக்குப் போறதுனாலதான் நரம்பு கெட்டுப் போச்சாம். ஸ்கூலை விட்டுடுங்கறார். இன்னும் ஒரு தடவை வலின்னு வாயைத் திறந்தா வேலை போயிடும். பல்லே இல்லேன்னா வலிக்கறதுன்னு சொல்லவே வேண்டாம் பாருங்கோ."

முன்பல் போன வாயால் குழந்தைகளுக்கு எப்படி வாசித்துக் காட்டுவீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் இன்னும் கலங்கிவிடுவார், நரம்பு பலவீனம் ஆயிற்றே என்று கருணையோடு விழுங்கிக்கொண்டேன். என் கருணையின் லட்சணம் அப்படி. அவர் படி இறங்கிப் போனதும், பேச்சில் சேர்த்துக்கொள்ள இன்னோர் உதாரணம் கிடைத்தது என்றுதான் நினைத்தேன். எழுதுகிறபோது இப்போதும் காது சூடாகிறது.

செவ்வாய் காலையில் கரீம் பாய் வந்தார். ஜம்மென்று கழுவினேன். ஊசிக்குழலை அழுத்தும்போது பாய் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார். புருவம் ஏறியது. "இன்னா டாக்டர் சாப், இன்னிக்கு ஒரு மாரி கீது?" என்றார். ஒன்றுமில்லை பாய், சாயங்காலம் மறக்காமல் வந்துவிடுங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். தலைமை வகித்தவர் வயதான பெரிய டாக்டர், யாருடைய பேச்சுக்கும் தூங்காதவர், அதனாலேயே எல்லோரும் பயந்தவர். நான் தயிர்சாதத்தில் ஆரம்பித்தேன். எலும்புக்கு வந்தேன். நரம்பு பலவீனத்துக்கு உதாரணமாக, பெயர் சொல்லாமல், 'ஒரு பள்ளி ஆசிரியை' என்று டீச்சரையும் இழுத்தேன். கைதட்டல் கிடைத்தது. பக்கத்து மேஜையில் தட்டு நிறைய முறுக்கு.

"இப்போது வலி என்றால் என்ன நிறம் என்று கேட்கிற மனிதரை உங்கள் முன் நிறுத்துகிறேன்" என்று கதவுப் பக்கம் கையை நீட்டினேன்.

கரீம் பாய் வந்தார். சொன்ன சொல் தவறாத மனிதர், எப்படி வராமல் இருப்பார்? தாடையைச் சுற்றித் தலைக்கு மேல் கட்டம் போட்ட கைக்குட்டையால் முடிச்சுப் போட்டிருந்தார். ஒரு பக்கக் கன்னம் பன்போல உப்பியிருந்தது. அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது. நடந்து வந்து மேடையில் என் பக்கத்தில் நின்றார்.

மண்டபத்தில் ஓர் ஓரத்தில் சிரிப்பு கிளம்பியது. நான், எந்தப் பேயறைந்ததோ, முறுக்குத் தட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். பழக்கதோஷத்தில் பேச்சின் அடுத்த வரி அதுதான். பாய் முறுக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒரு முறுக்கை எடுத்து, ஏலத்தில் சாமானைத் தூக்கிக் காட்டுவதுபோல, கூட்டத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒற்றைக் கடைவாயால் பேசினாலும் தொழில் குரல் தொழில் குரல்தான்.

"ராயப்பேட்டப் பல்லு சாமி, ராயப்பேட்டப் பல்லு! ஒண்ணாம் நம்பர் சரக்கு! வலி இன்னான்னே தெரியாதாம், டாக்டர் சாப் சொல்லிக்கினு கீறாரு! ஆரு எடுத்துக்கறீங்கோ? ஒரு தரம்… ரெண்டு தரம்…"

ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. தலைவர் மேஜை மணியைத் தட்டி, "மூணு தரம்" என்றார். கூட்டம் கலைய வேண்டிய நேரத்துக்கு வெகு முன்னாலேயே கலைந்தது. சில பெரியவர்கள் போகிறபோது தட்டிலிருந்து ஆளுக்கொரு முறுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

பாயை ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு என் அறைக்கு வந்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. வழி நெடுக அவர் முனகினாரே தவிர ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார வைத்தேன். பல்லைத் திறந்தேன். இவ்வளவு வலி என்றால் உள்ளே கிருமி இன்னும் சாகவில்லை, இன்னும் நன்றாகக் கழுவ வேண்டும் என்று என் கட்சி சொன்னது. ஜாடியை எடுத்து மூடியைத் திறந்தேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கை அவசரத்தில் ஓடுகிறபோது ஒரு நிமிஷம் எதற்காகவாவது நிற்க நேர்ந்தால், அது பெரிய பாக்கியம். என்னை நிறுத்தியது அறிவு அல்ல, என் கண். ஜாடியிலிருந்து கிளம்பிய நெடி கண்ணில் ஏறி நீர் வழிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றபோது, வெள்ளிக்கிழமைகளில் இதைத் திறந்தால் நெடியே இருக்காதே என்று தோன்றியது. வார நடுவில் கொஞ்சம், வாரக் கடைசியில் சுத்தமாக ஒன்றுமில்லை. கரைசல் பக்குவப்பட்டுச் சாந்தமாகிறது என்று இத்தனை நாளும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பக்குவமாவது! சென்னை வெயிலில், துரையின் விஸ்கி ஜாடிக்குள், அது நாளுக்கு நாள் பலம் இழந்துகொண்டிருந்தது. கரீம் பாயை வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில் நான் தொட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மயிலாப்பூருக்குத் திங்கட்கிழமைக் கரைசல். ராயப்பேட்டைக்கு வெள்ளிக்கிழமைக் கரைசல். தயிர்சாதமும் இல்லை, எலும்பும் இல்லை. என் சித்தாந்தத்தின் அஸ்திவாரம் ஒரு பஞ்சாங்கம்.

ஜாடியைக் கீழே வைத்தேன். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் பாயின் பல்லை மெதுவாக, ஊசியை ஆழமாக விடாமல், அழுத்தாமல் கழுவினேன். உள்ளே கட்டியிருந்தது வடிய வழிவிட்டுத் திறந்தபடியே வைத்தேன். கன்னத்துக்கு ஐஸ் வாங்கி வந்து ஒத்தடம் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பாயின் தோள் தளர்ந்தது. கண்ணைத் திறந்து ஜன்னலோரம் பார்த்தார்.

"அது நம்ம ஏலத்துல எட்த்த ஜாடிதானே?"

"ஆமா பாய்."

"நம்ப ஜாடியே நம்பளக் கட்ச்சிருச்சே, டாக்டர் சாப்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்தக் கலவையில்தான் இன்னொன்றும் உறைத்தது. அவ்வளவு பலம் குறைந்துபோன வெள்ளிக்கிழமைக் கரைசலில் கழுவிய பல்லெல்லாம் நன்றாகத்தானே ஆறியிருக்கிறது? திங்கட்கிழமைப் பல் ஆறியதைவிட ஒரு பிடி குறைவாகவா ஆறியது? இல்லை. பலம் கூடியதால் கூடியது வலி ஒன்றுதான். இதை இன்று நீங்கள் புத்தகத்தில் படித்துவிடுகிறீர்கள். நான் ஓர் ஏலக்காரரின் கன்னத்தில் படித்தேன்.

பாயை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் ஜானகி டீச்சரின் ஞாபகம் வந்தது. விடிந்தால் புதன்கிழமை. அவருடைய பல்லில் ஒரு குறையும் இல்லை என்று நான் சொன்னது உண்மை. நரம்பிலும் ஒரு குறையும் இல்லை. குறை முழுவதும் ஜன்னலில் ஜொலித்துக்கொண்டிருந்தது. அதற்காக ஒரு பெண் முன்பல்லைப் பறிகொடுக்கப் போகிறார். பல்லைக் கொடுத்து வேலையைக் காப்பாற்றப் பார்க்கிறார். வேலைக்கு உலை வைத்ததும் நான்தான்.

காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு மயிலாப்பூர் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். மருந்து மாறிவிட்டது என்று சொல்லலாம். புது முறை வந்திருக்கிறது என்று சொல்லலாம். நரம்பு பலவீனத்துக்கும் தோதான ஒரு மெல்லிய கரைசல் இருக்கிறது என்று சொன்னால் பல்லும் பிழைக்கும், என் மானமும் பிழைக்கும். மாட வீதி திரும்புகிற வரைக்கும் கடைசியாகச் சொன்னதுதான் என் முடிவாக இருந்தது. மயிலாப்பூர் நோயாளிகள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறவர்கள். ஒரு வீட்டில் நான் தலை குனிந்தால் நாலு தெருவுக்குத் தெரியும்.

வீட்டு வாசலில் ரிக்‌ஷா நின்றது. டீச்சர் புறப்பட்டு நின்றுகொண்டிருந்தார். கணவர் அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் சாய்வு நாற்காலியில் கணவரின் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, பல்லை எடுக்க வேண்டாம்" என்றேன், மூச்சு வாங்க. "வேற கரைசல் வெச்சு…"

டீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ. நேக்கு வலிச்சது நெஜமா, இல்லையா?"

ராத்திரி முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், அந்த வலி தனக்கு வந்ததா என்று என்னைக் கேட்கிறார். அவருக்கே சந்தேகம் வரும்படி செய்திருந்தேன். ஒத்திகை பார்த்த வசனத்தையெல்லாம் அங்கேயே விட்டேன்.

"நெஜம்தாம்மா" என்றேன். "வலி நெஜம். தப்பு என் மருந்துல."

"இவர் காதுல விழற மாதிரி சொல்லுங்கோ. அப்பாவுக்கும் கேக்கணும். அவருக்குக் காது மந்தம், உரக்கச் சொல்லணும்."

கூடத்துக்குள் போனேன். கணவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். நான் சாய்வு நாற்காலிக்கு நேரே நின்று, கரீம் பாயை மனதில் நினைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"உங்க மருமகளுக்கு நரம்பு பலவீனம் இல்லை! வலி நெஜமான வலி! திங்கக்கிழமை நான் போட்ட மருந்து அளவுக்கு மீறின காரம்! வெள்ளிக்கிழமை மருந்துல யாருக்கும் வலிக்கலை! கோளாறு மருந்துல! சொன்ன டாக்டர் முட்டாள்!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தண்ணீர் எடுத்துக்கொண்டு போனவர்கள் நின்றார்கள். ரிக்‌ஷாக்காரன் எட்டிப் பார்த்தான். கணவர் முகம் சிவந்து சுவரைப் பார்த்தார்.

பெரியவர் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வலிக்கறதுன்னு அவதான் அன்னிக்கே சொன்னாளே ஓய்" என்றார். "இதைச் சொல்றதுக்கு ஒரு டாக்டர் வேணுமா?"

நான் சொன்ன தீர்ப்பு அந்த வீட்டில் எட்டாத காது அது ஒன்றுதான் என்று அப்புறம் தெரிந்தது. மருமகள் வலி என்று கன்னத்தைப் பிடித்துக் காட்டியதையும் சாதத்தைக் கரைத்துக் குடிப்பதையும் மட்டும் அவர் பார்த்திருக்கிறார்.

பிறகு கணவர் அங்கவஸ்திரத்தைக் கழற்றிக் கொடியில் போட்டார். ரிக்‌ஷாக்காரனிடம், தியாகராய நகர் வேண்டாம், அம்மாவை ஸ்கூலில் கொண்டுபோய் விடு என்று தணிந்த குரலில் சொன்னார். டீச்சர் உள்ளே போய்க் குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு வந்தார். வாசற்படியில் நின்று, நான் அவரிடம் அதுவரை பார்த்திராத ஒரு சிரிப்போடு, திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த புதன்கிழமை வரேன் டாக்டர். மருந்து மட்டும் வெள்ளிக்கிழமை மருந்தா இருக்கட்டும்."